இடுப்புக்குழி வலிக்கு இன்னும் எதை நிறுத்த வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 34, ஆண். விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இரண்டு ஆண்டுகளாக வலி, சில நாள்களில் அடிவயிறு வரை பரவுகிறது. வெகுநேரம் உட்கார்ந்தால் கூடுகிறது. சிறுநீர்ப் பரிசோதனை, கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், ஸ்கேன் எதிலும் ஒன்றும் இல்லை. மூன்று முறை ஆன்டிபயாடிக் எடுத்தும் பலனில்லை. காபி குடித்த நாளும் காரம் சாப்பிட்ட நாளும் வலி ஏறுவதுபோல் தோன்றியதால், எங்கோ கிடைத்த நாற்பது பொருள்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அத்தனையையும் நிறுத்திவிட்டீர்கள். ஐந்து மாதம் ஆகிறது. வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. "இன்னும் எதை நிறுத்த வேண்டும்?" என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "நான் சாப்பிட்ட விதத்தால்தான் இது வந்ததா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் அரித்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மருத்துவ உணவியல் படித்தவள். சிறுநீரகவியல், மகளிர் மருத்துவம், குடல் மருத்துவம் ஆகிய பிரிவுகளிலிருந்து அனுப்பப்படும் நாட்பட்ட வலி நோயாளிகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நோய் இன்னதென்று கண்டறிவது மருத்துவர் வேலை. நீங்கள் எழுதியதை வைத்து உங்களுக்கு இன்ன நோய் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சாப்பாட்டுப் பக்கம் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இல்லை, நீங்கள் சாப்பிட்டதால் இது வரவில்லை. இப்படிப்பட்ட வலியை உணவு உண்டாக்குகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் வலியைச் சில உணவுகளும் பானங்களும் சிலருக்குக் கிளப்பிவிடுகின்றன, அது உண்மை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். உணவுதான் காரணம் என்று நம்பினால் ஒவ்வொரு பொருளாக நிறுத்திக்கொண்டே போவோம். உணவு கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான் என்று தெரிந்தால், எது, எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டு மீதியைச் சாப்பிடத் தொடங்குவோம். நான் யாருக்கு உணவுத் திட்டம் போட்டாலும் அதன் முடிவில் அவர் முன்பைவிட அதிகப் பொருள்களைச் சாப்பிட வேண்டும் என்பதே என் கணக்கு. உங்களுக்கும் அதையேதான் சொல்லப்போகிறேன்.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2007-இல் அமெரிக்காவில், சிறுநீர்ப்பை வலி நோயான இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைடிஸ் உள்ளவர்களிடம் ஒரு கேள்வித்தாள் ஆய்வு நடத்தினார்கள். நூற்றுக்குச் சற்று அதிகமானவர்கள் பதில் சொன்னார்கள். பத்தில் ஒன்பது பேர், ஏதாவது ஓர் உணவோ பானமோ தங்கள் வலியைக் கூட்டுகிறது என்றார்கள். காபி, தேநீர், மது, வாயு அடைத்த குளிர்பானங்கள், எலுமிச்சை ஆரஞ்சு வகைப் பழங்கள், தக்காளி, மிளகாய், செயற்கை இனிப்பூட்டிகள் ஆகியவை அடிக்கடி வந்த பெயர்கள். அப்புறம் 2013-இல் உங்களைப் போன்ற ஆண்களிடம், அதாவது நாட்பட்ட புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) அழற்சி என்றோ நாட்பட்ட இடுப்புக்குழி வலி என்றோ சொல்லப்பட்டவர்களிடம், இதே மாதிரி கேட்டார்கள். 286 பேர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், ஏறக்குறைய 47 சதவீதம் பேர், உணவால் வலி கூடுகிறது என்றார்கள். காரம், காபி, மிளகாய், மது, தேநீர் ஆகியவைதான் அங்கும் முன்னால் நின்றன.

இந்த எண்களை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். வெவ்வேறு மனிதர்கள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுப் பொருள்களைச் சொல்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. காபி குடித்தால் வலிக்கிறது என்று சொல்பவரிடம் "அதெல்லாம் மனப்பிரமை" என்று சொல்வதற்கு எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை. அதே நேரம், இரண்டுமே நினைவிலிருந்து சொன்ன பதில்கள். காபியில் காஃபின் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகள் இல்லை. இது ஆகாது என்று முன்பே கேள்விப்பட்டவர், அதைக் குடித்த நாளில் வலியைக் கூர்ந்து கவனிப்பார். குடிக்காத நாளில் வந்த வலி நினைவில் நிற்காது. இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது: அந்த ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எந்த உணவும் வலியைக் கூட்டவில்லை. நாற்பது பொருள் பட்டியலை அச்சடித்துக் கொடுப்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை. அந்தப் பட்டியல் சந்தேகப்பட வேண்டியவற்றின் பட்டியல்தான். அதில் உள்ள நாற்பதும் ஒரே ஆளுக்கு வலி தந்து நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் இரண்டு, மூன்று, மிஞ்சினால் ஐந்து பொருள்களில் முடிந்துவிடும்.

அடுத்து, இது ஒவ்வாமையா என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வாமை அல்ல என்பது கிட்டத்தட்ட உறுதி. உணவு ஒவ்வாமை ஐஜிஇ என்னும் எதிர்ப்புப்பொருள் வழியாக வருவது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் என்று காட்டும். ஒரு துளிகூடப் போதும். உங்களுக்கு நடப்பது அளவைப் பொறுத்தது: அரைக் கோப்பையில் ஒன்றுமில்லை, இரண்டு கோப்பையில் வலி. அதனால்தான் ரத்தத்தில் ஐஜிஜி என்னும் வேறொரு எதிர்ப்புப்பொருளைப் பார்த்து நூறு, இருநூறு உணவுகளுக்குச் "சகிப்பின்மை" அறிக்கை தரும் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு உணவுக்கு எதிராக ஐஜிஜி இருப்பது, அதை நீங்கள் வழக்கமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். ஐரோப்பிய, அமெரிக்க, கனடிய ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் மூன்றுமே இதை நோயறியப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பால், முட்டை, கோதுமை மூன்றையும் ஒரே நாளில் விட்டவர்கள் என்னிடம் வருவதுண்டு. வலி அப்படியே இருக்கும், சாப்பாடு மட்டும் பாதியாகியிருக்கும். கோதுமை பற்றி ஒன்று: அதை விடுவதற்கு முன்னால், கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். விட்ட பிறகு செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம்.

சரி, ஒவ்வாமை இல்லையென்றால் வாய் வழியாகப் போன காபி இடுப்புக்குழியில் எப்படி வலிக்கும்? எல்லோரும் முதலில் சொல்வது அமிலம். புளிப்பான பொருள் சிறுநீரை அமிலமாக்கி, அது சிறுநீர்ப்பையை எரிக்கிறது என்பார்கள். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும், உடல் அப்படி வேலை செய்வதில்லை. எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் உள்ள சிட்ரேட் உடலுக்குள் பைகார்பனேட்டாக மாறுகிறது. சிறுநீரின் அமிலத்தன்மை அதனால் குறையத்தான் செய்யும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குச் சிட்ரேட் மருந்து கொடுப்பதில் இதுவும் ஒரு நோக்கம். 2005-இல் வெளியான ஒரு சோதனையில், சிறுநீர்ப்பை வலி உள்ளவர்களின் பைக்குள் அமிலத்தன்மை கூடிய திரவத்தையும் குறைந்த திரவத்தையும் மாற்றி மாற்றி நேரடியாகவே செலுத்திப் பார்த்தார்கள். எது எப்போது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, செலுத்தியவருக்கும் தெரியாது. வலியில் வேறுபாடு இல்லை. ஆகவே புளிப்பு சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதற்கு விளக்கம் சிறுநீரின் அமிலம் அல்ல. சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கிறேன் என்று சமையல் சோடாவைத் தினமும் குடிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அது உடலில் சோடியத்தைத்தான் ஏற்றும்.

எனக்கு அதிகம் நம்பிக்கை தரும் விளக்கம் நரம்பு வழியிலானது. பெருங்குடலின் கடைப்பகுதி, சிறுநீர்ப்பை, புராஸ்டேட் அல்லது கருப்பை, இவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் எல்லாவற்றிலிருந்தும் வரும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஒரே நரம்பணு இரண்டாகக் கிளைத்து, ஒரு கிளை குடலுக்கும் மற்றது சிறுநீர்ப்பைக்கும் போவதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் ஒரே அழைப்புமணி வைத்த வீடு மாதிரி இது: மணி அடித்தால், எந்த வாசலில் ஆள் நிற்கிறார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. எலிகளின் குடலைச் சீண்டினால் எந்தப் பாதிப்பும் இல்லாத சிறுநீர்ப்பைகூட அடிக்கடி சுருங்கத் தொடங்குகிறது. மாதக்கணக்கில் வலியிலேயே இருக்கும் நரம்பு மண்டலத்தில் இந்தக் கலப்பு இன்னும் கூடும். அப்போது குடலில் ஏற்படும் சாதாரண அசைவும் வாயுவும்கூட இடுப்புக்குழி வலியாக உணரப்படும். மனிதர்களில் ஒவ்வொரு படியும் நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் எரிச்சல் குடல் நோயும் (ஐபிஎஸ்) இடுப்புக்குழி வலியும் ஒரே ஆளிடம் இத்தனை அடிக்கடி சேர்ந்திருப்பதற்கு இது பொருத்தமான விளக்கம்.

இப்படிப் பார்த்தால் உங்கள் இரண்டு சந்தேகங்களும் புரியும். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், சூட்டை உணரும் அதே நரம்பு வாங்கியைத்தான் தூண்டுகிறது. அந்த வாங்கி நாக்கில் மட்டும் இல்லை, குடல் முழுக்க, மலக்குடல் வரை இருக்கிறது. அதனால் காரத்தால் வரும் வலி பல பேருக்குச் சாப்பிட்ட உடனே வராமல், அது குடலின் கடைசிக்குப் போய்ச் சேரும் மறுநாள்தான் வருகிறது. காலையில் வலித்ததற்குக் காலைச் சிற்றுண்டியைக் குற்றம் சொல்லியிருப்பீர்கள், காரணம் நேற்றைய சாப்பாடாக இருக்கும். காபிக்கு இரண்டு வேலை. அதிலுள்ள காஃபின் சிறுநீர்ப்பைத் தசையைத் தூண்டுகிறது, சிறுநீரையும் சற்றுக் கூட்டுகிறது. பாதி காஃபின் உடலிலிருந்து வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலைக் காபி தூக்கத்தையும் கெடுக்கும். தூங்காத மறுநாள் வலி கூடுவது உங்களுக்கே தெரிந்திருக்கும். இரண்டாவது, காபி பெருங்குடலின் கடைப்பகுதியை அசைக்கிறது. 1990-இல் அளந்து பார்த்தபோது, சிலருக்குக் குடித்த நான்கே நிமிடங்களில் அந்த அசைவு தொடங்கியது, காஃபின் நீக்கிய காபியிலும் அப்படியே நடந்தது. ஆகவே காஃபின் இல்லாத காபிக்கு மாறியும் வலி குறையவில்லை என்பவர் பொய் சொல்லவில்லை.

பட்டியல்களில் வராத, ஆனால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மலம் எப்படிப் போகிறது? 2013 ஆய்வில் எது வலியைக் குறைத்தது என்றும் கேட்டார்கள். ஆண்கள் சொன்னவற்றில் தண்ணீர், மூலிகைத் தேநீர் ஆகியவற்றோடு, மலத்தை இளக்கும் மருந்தும் சைலியம் உமி (இசப்கோல்) போன்ற நார்ச்சத்துப் பொடிகளும் இருந்தன. எனக்கு அது வியப்பாக இல்லை. மலக்குடல் நிறைந்திருந்தால் அது புராஸ்டேட்டையும் இடுப்புத்தளத் தசைகளையும் அழுத்திக்கொண்டே இருக்கும். முக்கி முக்கிப் போகும்போது, ஏற்கெனவே இறுகியிருக்கும் அந்தத் தசைகள் தளர்வதற்குப் பதிலாக இன்னும் இறுகும். வலிக்குப் பயந்து போவதைத் தள்ளிப்போட்டால் மலம் மேலும் கெட்டியாகும். நீங்கள் நிறுத்திய நாற்பதில் பழங்கள், பருப்பு வகைகள், முழுத்தானியங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வலிக்காகப் போட்ட உணவுக்கட்டுப்பாடே மலச்சிக்கலைக் கொண்டுவந்து, அது வலியைக் கூட்டுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தினமும் முக்காமல் போகவில்லையென்றால், எதையும் நிறுத்துவதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள். சைலியம் உமியை ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி கூட்டலாம். ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய குவளைத் தண்ணீர் கட்டாயம், இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் சிரமமோ குடலில் அடைப்பு வந்த வரலாறோ இருந்தால் இது வேண்டாம். வேறு மாத்திரைகள் எடுப்பவர்கள் இரண்டு மணி நேர இடைவெளி விடவும். கழிப்பறையில் கால்களுக்குக் கீழே சிறு முக்காலி வைத்து முழங்கால்களை இடுப்பைவிட உயர்த்திக்கொண்டால் தசை தளர்வது எளிது.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று குடிப்பதையே குறைப்பவர்கள் உண்டு. சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கூடும், மலமும் இறுகும். சுத்தப்படுத்துகிறேன் என்று நான்கு லிட்டர் குடிப்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சிறுநீர்ப்பை வேகமாக நிரம்பியே வலிக்கும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவுக்கு, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் போதும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பெரும்பகுதியை முடித்துவிடுங்கள்.

இனி உங்கள் நாற்பது பொருள்கள். வழக்கமாக ஒருவர் வரும்போது முதல் பத்து நாள் எதையும் மாற்றாமல் எழுதச் சொல்வேன்: என்ன சாப்பிட்டார், வலி பத்துக்கு எத்தனை, மலம் போனதா, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார், தூக்கம் எப்படி, விந்து வெளியேறியதா, அன்று மனத்துக்கு எவ்வளவு நெருக்கடி. கடைசி நான்கும் உணவு இல்லையே என்று தோன்றும். இந்த வலியில் அவை ஒவ்வொன்றும் காபிக்கு நிகராக வலியைக் கூட்டக்கூடியவை. அவற்றை எழுதாவிட்டால் எல்லாப் பழியும் தட்டில் இருந்த பொருள்மேல் விழும். வேலை நெருக்கடி நாளில்தான் மூன்று காபி குடிப்போம், எட்டு மணி நேரம் எழாமல் உட்கார்ந்திருப்போம். வலி எதனால் வந்தது? குறிப்பேடு இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. பிறகு முக்கியச் சந்தேகங்களான காபி, தேநீர், மது, குளிர்பானம், காரம், புளிப்புப் பழங்கள், செயற்கை இனிப்பு ஆகியவற்றை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்ப்போம். காபியைத் திடீரென்று விட்டால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம் என்பதால் அதை மட்டும் படிப்படியாகக் குறைப்போம். நான்கு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால், உங்கள் வலியில் உணவுக்குப் பங்கில்லை என்று எடுத்துக்கொண்டு பழையபடி சாப்பிடச் சொல்லிவிடுவேன். அதுவும் நல்ல செய்திதான்.

நீங்கள் ஐந்து மாதம் நிறுத்திவிட்டதால் முதல் பாதியைத் தாண்டிவிட்டீர்கள். யாரும் உங்களுக்குச் சொல்லாத இரண்டாம் பாதி மீதி இருக்கிறது: ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது. வலி ஓரளவு அமைதியாக இருக்கும் ஒரு வாரத்தில் தொடங்குங்கள். உங்களுக்கே அதிகச் சந்தேகமில்லாத, சத்து அதிகமுள்ள பொருள்களை முதலில் எடுங்கள்: பால் அல்லது தயிர், முட்டை, பருப்பு, வாழைப்பழம், கொட்டை வகைகள். ஒரு பொருளை முதல் நாள் சிறிதளவு, இரண்டாம் நாள் அரைப்பங்கு, மூன்றாம் நாள் வழக்கமான அளவு சாப்பிடுங்கள். அந்த நாள்களில் வேறு புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். அடுத்த இரண்டு நாள் சும்மா கவனியுங்கள். வலி உங்கள் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் இருந்தால் அந்தப் பொருள் உங்களுடையது, நிரந்தரமாகத் திரும்பிவிட்டது. இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினால் நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை செய்து பாருங்கள். ஒரே ஒரு முறை வலித்ததை வைத்து ஒரு பொருளை ஒதுக்காதீர்கள். இரண்டாம் முறையில் தேறிவிடும் பொருள்கள் நிறைய. இரண்டு முறையும் வலித்தால்கூட அளவைக் கண்டுபிடியுங்கள். காபி அரைக் கோப்பை, வயிறு காலியாக இல்லாதபோது, காலையில் மட்டும் என்றால் தாங்குபவர்கள் பலர். தக்காளி பச்சையாக ஆகாது, மற்றவற்றோடு சமைத்தால் ஆகும் என்பவர்கள் உண்டு. காரத்தையும் காபியையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு பொருள்தான் முடியும் என்பதால் மொத்தத்தில் சில மாதங்கள் எடுக்கும். ஒவ்வொரு வாரமும் சாப்பாடு பெருகிக்கொண்டு போவதால் பெரும்பாலானவர்கள் இதைச் சலிக்காமல் செய்கிறார்கள்.

வயிறு உப்புசம், வாயு, மாறி மாறிப் பேதியும் மலச்சிக்கலும் உங்களுக்கு இருந்தால் வழி வேறு. அப்போது காபி, புளிப்பைவிட, குடலில் எளிதில் புளித்து வாயு உண்டாக்கும் மாவுச்சத்துகளை, அதாவது வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு வகைகள், பால், ஆப்பிள் போன்றவற்றில் உள்ளவற்றைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபாட்மேப் குறைந்த உணவுமுறை இதற்கானது. இரண்டு முதல் ஆறு வாரம் குறைத்து, பிறகு வகை வகையாகத் திரும்பச் சேர்ப்பார்கள். இதே கேள்வியோடு இதைப் படிக்கும் பெண்களுக்கு இது கூடுதலாகப் பயன்படலாம். எரிச்சல் குடல் நோய் உள்ள பெண்களிடம் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸும் சேர்ந்து இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு இந்த உணவுமுறையால் குடல் தொல்லைகள் பாதிக்கு மேல் குறைந்தன, அது இல்லாதவர்களில் 49 சதவீதம். பழைய பதிவேடுகளைப் பார்த்துச் செய்த சிறிய ஆய்வு அது. தவிர, குறைந்தது குடல் தொல்லை, எண்டோமெட்ரியோசிஸ் அல்ல. இன்னொன்று: மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் வலி தானாகவே கூடும் பெண்கள், திரும்பச் சேர்க்கும் சோதனைகளை அந்த வாரத்தில் செய்தால் முடிவு தவறாக வரும். இந்த உணவுமுறையை உணவியலாளர் துணையில்லாமல் செய்ய வேண்டாம். ஏற்கெனவே எடை குறைந்த உங்களுக்கு இப்போதைக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

மாத்திரைகள், சாறுகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கிரான்பெரிச் சாறு கிருமித்தொற்று திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்க உதவலாம், தொற்றே இல்லாத உங்கள் வலிக்கு அதில் பயன் இல்லை. சிறுநீர்ப்பை வலி உள்ள பலருக்கு அது எரிச்சலைக் கூட்டுகிறது. அதிக அளவு வைட்டமின் சி மாத்திரையும் அப்படித்தான். உணவின் அமிலத்தைக் குறைக்கும் கால்சியம் கிளிசரோஃபாஸ்பேட்டைச் சாப்பாட்டோடு எடுத்தால் புளிப்பு தாங்குகிறது என்று சிலர் சொல்கிறார்கள். ஆதாரம் மெலிதானது. க்வெர்செடின் என்னும் தாவரப் பொருளை உங்களைப் போன்ற ஆண்களுக்கு ஒரு மாதம் கொடுத்த 1999 ஆய்வில் 67 சதவீதம் பேருக்கு வலி ஓரளவு குறைந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 20 சதவீதம். முப்பது பேரளவில் செய்த ஆய்வு அது. வேறு மருந்து எடுத்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும்? திடீர் வலியேற்றங்கள் குறையும், எதனால் வந்தது என்ற குழப்பம் தீரும், சாப்பாடு திரும்பும். அடியில் இருக்கும் வலி சாப்பாட்டால் மட்டும் தீர்ந்து நான் பார்த்தது அபூர்வம். உட்கார்ந்தால் கூடுகிறது என்று நீங்கள் எழுதியது எனக்கு உணவைவிட இடுப்புத்தளத் தசைகளைத்தான் நினைவூட்டுகிறது. அதில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர் தொட்டுப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். சிறுநீர்ப்பை வலியும் தசையில் தொட்டால் வலியும் உள்ள பெண்களிடம் 2012-இல் வெளியான சோதனையில், அந்தத் தசைகளைக் குறிவைத்த சிகிச்சை பெற்றவர்களில் 59 சதவீதம் பேருக்கு நல்ல பலன், சாதாரண மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதம். எந்த உணவுக்கட்டுப்பாட்டுக்கும் இப்படிப்பட்ட ஆதாரம் இல்லை. இறுக்கம் இருப்பவர்கள் அந்தத் தசைகளை இறுக்கிப் பழகும் கெகல் பயிற்சியைத் தாமாகவே தொடங்கினால் வலி கூடலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அவர்களுக்குத் தேவை தளர்த்தக் கற்பது.

கடைசியாக உங்கள் எடை. ஐந்து மாதத்தில் ஆறு கிலோ என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெரும்பாலும் அந்தப் பட்டியல்தான் காரணமாக இருக்கும். ஆனால் சாப்பாட்டைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கி ஒரு மாதத்தில் எடை ஏறத் தொடங்காவிட்டால் மருத்துவரிடம் போய் அதையே முதல் குறையாகச் சொல்லுங்கள். சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் புதுவித வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அதெல்லாம் இல்லையென்றால் நாளைக் காலை முட்டையிலிருந்தோ பாலிலிருந்தோ தொடங்குங்கள். சாப்பிடும்போது பயத்தில் தொண்டை அடைப்பது, பிறரோடு சேர்ந்து உண்பதையே தவிர்ப்பது போன்றவை ஏற்கெனவே வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீண்டகாலக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு அது வருவதுண்டு, அதற்கும் தனியாக உதவி இருக்கிறது.